குழம்பு என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் வட்டம் எங்கள் பக்கம். ஆந்திரத்துச் சித்தூர் வேறு, இது வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று இங்குள்ள ஊர்களில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் ஓடும். கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் இங்கே வாழ வந்தவர்களும், தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் குழம்பு என்ற ஒரே சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

குழம்பு என்றால் சரியாக என்ன பொருள்?

நீரும் இல்லாமல் கட்டியும் இல்லாமல், கலந்து தடித்து நிற்கும் எதுவும் குழம்பு. சோற்றில் ஊற்றிப் பிசைவது அதில் ஒரு வகை. சந்தனத்தை அரைத்துக் கரைத்தால் சந்தனக் குழம்பு. மகளிர் பாதத்தில் பூசியது செம்பஞ்சுக் குழம்பு. எரிமலை கக்குவதும் குழம்புதான். இன்று குழம்பு என்றதும் சாப்பாடு மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆனால் சொல் குறிப்பது பண்டத்தை இல்லை, அதன் பதத்தை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானே கிடைத்துவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வெளியிலிருந்து வரவில்லை. நம்முடைய வினைச்சொல்லே பெயராக நிற்கிறது. நீர் குழம்பியது, மனம் குழம்பியது என்கிறோம். குழம்பின குட்டையில் மீன் பிடிக்கிறான் என்கிறோம். அந்தக் ‘குழம்பு’ என்ற வினையடி எந்த விகுதியும் ஏற்காமல் அப்படியே பொருளுக்குப் பெயரானது. இலக்கணத்தில் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள். தொழிலின் பெயர் அத்தொழிலால் உண்டான பொருளுக்கு ஆகி வந்தால் தொழிலாகுபெயர்.

தமிழ்ச் சமையலறை முழுக்க இந்த வகைப் பெயர்கள்தான். வற்றியது வற்றல், பொரித்தது பொரியல், அவித்தது அவியல், வறுத்தது வறுவல், துவைத்தது துவையல், சுண்டியது சுண்டல், பொங்கியது பொங்கல், கூட்டியது கூட்டு. நம் வீட்டுப் பெண்கள் அடுப்பின் முன்னால் என்ன செய்தார்களோ அதையே பண்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் போட்டாலும் மீன் போட்டாலும் பெயர் குழம்புதான். என்ன போட்டோம் என்பது முன்னால் ஒட்டிக்கொள்ளும் அடைமொழி, அவ்வளவே.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. திரும்பு, திருப்பு, நிரம்பு, நிரப்பு, எழும்பு, எழுப்பு, குழம்பு, குழப்பு. ‘ம்பு’ வந்தால் தானே நிகழ்வது, ‘ப்பு’ வந்தால் ஒருவர் செய்விப்பது. நாம் குழப்பினால்தான் அது குழம்பும் என்றாலும், பெயர் தன்வினைப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ஒன்றோடொன்று கலந்து தானே தடித்து நின்ற நிலைக்குப் பெயர் குழம்பு. கைவேலைக்குப் பெயரான துவையலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இதற்கு நெருங்கிய உறவு ‘குழை’. சோறு குழைந்துவிட்டது, சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள் என்கிறோம். இளகி, மசிந்து, தன் உருவம் விட்டு இன்னொன்றோடு சேர்வது அந்தச் சொற்குடும்பத்தின் பொதுப்பொருள்.

பாலக்காட்டில் குழம்பு கேட்டால் எண்ணெய்ப் புட்டியைத் தருகிறார்களே?

இங்கே மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். புதிதாக வாளையாறு தாண்டி வந்தவர்கள் வைத்தியசாலை வாசலில் ‘குழம்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மருந்துக் கடையில் ஏன் குழம்பு விற்கிறார்கள் என்று திகைத்துப் போகிறார்கள்.

மலையாளத்தில் குழம்பு என்றால் உடம்பில் தேய்க்கும் மருந்தெண்ணெய். மூட்டுவலிக்காரர், பக்கவாதம் வந்தவர், பிள்ளை பெற்ற பெண் எல்லோருக்கும் வைத்தியர் குழம்பு எழுதிக் கொடுப்பார். தான்வந்தரம் குழம்பு, கார்ப்பாஸாஸ்தியாதி குழம்பு, சஹசராதி குழம்பு என்று பல உண்டு. பிரசவம் கழிந்த வீட்டில் தான்வந்தரம் குழம்பு தேய்த்து, மருந்திலை போட்டுக் காய்ச்சின வெந்நீரில் குளிப்பாட்டுவது இன்றும் நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அதே வழக்கம்தான். ‘குழம்பு தேய்ச்சுக் குளிச்சாச்சுங்களா அம்மிணி?’ என்று கேட்டால் இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அங்கேயே தைலம் என்ற சொல்லும் இருக்கிறது. பிறகு குழம்பு என்று தனியாக ஏன்? தைலம் பெரும்பாலும் நல்லெண்ணெயை மட்டும் அடியாகக் கொண்டு காய்ச்சுவது. குழம்பில் நல்லெண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும், பல மருந்துச் சேர்க்கைகளில் நெய்யும் சேரும். ஆமணக்கெண்ணெய் இயல்பிலேயே தடித்தது. நெய் குளிரில் உறையும். அதனால் கையில் ஊற்றினால் தண்ணீர் போல ஓடாமல் கொழகொழவென்று நிற்கும். பதம் பார்த்து வைத்த பெயர் என்று மேலே சொன்னேனே, அதேதான் இங்கேயும். சோற்றுக்கு ஊற்றுவதற்கும் முழங்காலில் தேய்ப்பதற்கும் பொதுவாக இருப்பது அந்தத் தடிப்பு.

அப்படியானால் மலையாளத்தார் நம் சொல்லின் பொருளை மாற்றிவிட்டார்களா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ‘நம்ம சொல்லை அவங்க எண்ணெய்க்கு வெச்சுட்டாங்க’ என்று கிழக்கே சொல்வார்கள். ‘எண்ணெய்க்குள்ள பேரைத் தமிழர் கூட்டானுக்கு (சோற்றோடு சேரும் கறிக்கு) வெச்சு’ என்று மேற்கே சொல்வார்கள். இரண்டும் நியாயமில்லாத பேச்சு.

மருந்துக்குக் குழம்பு என்று பெயர் வைப்பது தமிழிலும் உண்டு. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று 64 வகை சொல்கிறது. சாறு, குடிநீர், சூரணம், மணப்பாகு, இளகம், மெழுகு என்று போகும் அகமருந்து வரிசையில் குழம்பும் ஒன்று. அகத்தியர் குழம்பு என்ற பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். பேதியாவதற்குக் கொடுக்கும் கடுமையான மருந்து அது. தகுதியுள்ள சித்த மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. புறத்தே பூசுவதற்குச் சித்தர் முறையில் களிம்பு என்று தனிச்சொல் இருக்கிறது. ஆக, கிழக்கே குழம்பு உள்ளுக்கு, களிம்பு வெளிக்கு. மேற்கே குழம்பு வெளிக்கு. பூசும் சந்தனத்தையும் செம்பஞ்சையும் குழம்பு என்ற பழந்தமிழ் வழக்கை நினைத்தால், தேய்க்கும் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கும் மலையாளம் பழைய இழை ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சொல்லுக்கு அகன்ற பொருள் இருந்தது. தமிழ்ச் சமையலறை ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது, கேரள வைத்தியசாலை இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. யாரும் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை.

‘குழப்பமில்லா’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்லா?

ஆம். தமிழில் குழப்பம் என்றால் தெளிவின்மை. மலையாளத்தில் குழப்பம் என்றால் தொல்லை, சிக்கல். ‘குழப்பமில்லா’ என்றால் பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். எங்கள் ஊர்த் தமிழரும் தமிழ் பேசும்போதே ‘ஒண்ணும் குழப்பமில்லைங்க’ என்போம். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு அது முதலில் விளங்காது. அவர் தமக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்குக் குழப்பம் இல்லை என்கிறார்கள் என்று யோசிப்பார்.

மலையாளப் பத்திரிகைகளில் ‘குழஞ்ஞு வீணு மரிச்சு’ என்று எழுதியிருக்கும். உடல் தளர்ந்து, துவண்டு விழுந்து இறந்தார் என்பது பொருள். நம் ‘குழைந்து’தான் அது. சோறு குழைவதை மட்டும் அறிந்தவர்களுக்கு ஆள் குழைவது வியப்பாக இருக்கும். கம்பீரம் விட்டுக் கெஞ்சிப் பேசுகிறவனைக் ‘குழையறான்’ என்று நாமும்தானே சொல்கிறோம்.

கொழம்பு என்று சொல்வது கொச்சையா? கொழுப்பிலிருந்து வந்ததா?

கொழுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சுத் தமிழில் ஒரு சீரான ஒலிமாற்றம் இருக்கிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் உள்ள உகரம் ஒகரமாக இறங்கும். குடம் கொடம், முகம் மொகம், உலகம் ஒலகம், புகை பொகை, குழந்தை கொழந்தை. அந்த வரிசையில்தான் குழம்பு கொழம்பு ஆகிறது. இகரம் எகரமாவதும் அதே விதி: இலை எலை, விலை வெலை. விதி தவறாமல் நடக்கும் மாற்றத்தைக் கொச்சை என்று ஒதுக்குவது சரியில்லை. எழுத்தில் குழம்பு, பேச்சில் கொழம்பு. இரண்டும் தத்தம் இடத்தில் சரி.

ஹோட்டல் பலகையில் ‘குளம்பு’ என்று எழுதுகிறார்களே?

பிழை. குளம்பு மாட்டின் காலில் இருப்பது. எங்கள் பக்கத்தில் மலையாளத்தோடு பழகிய நாக்கு என்பதால் ழகரம் பெரும்பாலும் தடுமாறாது.

சங்க காலத்தில் குழம்பை என்னவென்று சொன்னார்கள்?

பண்டம் இருந்தது, பெயர் வேறு. குறுந்தொகை 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அவளைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமலே நிற்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டின கண்ணில் படிகிறது. தானே துழாவிச் சமைக்கிறாள். அவள் ஆக்கியது தீம்புளிப் பாகர், இனிய புளிப்புள்ள குழம்பு. தயிரைப் பிசைந்து, புளிப்புச் சேர்த்து, தாளித்து, விடாமல் துழாவினால் என்ன வரும் என்று மோர்க்குழம்பு வைத்த எவருக்கும் தெரியும். ‘துழந்து’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. தயிர் சேர்ந்தது அடுப்பில் இருக்கும்போது துழாவுவதை நிறுத்தினால் திரிந்துபோகும். பாட்டெழுதியவருக்கு அந்த அடுப்படி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பாகர் என்பது பாகு என்பதோடு சேர்ந்தது. காய்ச்சித் தடித்தது பாகு. வெல்லப்பாகில் இன்றும் வாழ்கிறது, சித்த மருத்துவ மணப்பாகில் வாழ்கிறது. மலையாளத்தில் அது பாவு, சர்க்கரைப்பாவு. புளிப்புக்கும் இனிப்புக்கும் பொதுவாக இருந்த சொல், பின்னால் இனிப்பின் பக்கம் ஒதுங்கிவிட்டது. புளிப்பின் இடத்துக்குக் குழம்பு வந்து உட்கார்ந்தது. சொற்கள் இப்படி இடம் மாறி உட்காருவது தமிழில் புதிதல்ல. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு.

அந்தக் கறிதான் இப்போதைய கறியா? எங்கள் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி, அண்டை வீட்டில் கறி என்றால் குழம்பு!

எல்லையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது உண்மையான சிக்கல். ‘இன்னைக்குக் கறி’ என்றால் கொங்குத் தமிழ் வீட்டில் இறைச்சி. பிராமணர் வீட்டில் காய் பொரித்தது. மலையாளி வீட்டில் கடலைக்கறி, மீன்கறி, பருப்புக்கறி என்று சோற்றோடு சேரும் எதுவும் கறி. மிளகைக் குறித்த சொல், மிளகிட்டுச் சமைத்ததைக் குறித்து, பிறகு வீட்டுக்கு வீடு ஒவ்வொரு பக்கமாகச் சுருங்கியது என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது. கறிவேப்பிலையில் அந்தக் கறி இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்த ‘கறி’யும் தென்னாட்டுக் கறிதான் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து.

மலையாளத்தில் கறியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒழிச்சுகறி, தொடுகறி. ஊற்றிக்கொள்வது ஒழிச்சுகறி, தொட்டுக்கொள்வது தொடுகறி. நம்முடைய குழம்பு அங்கே ஒழிச்சுகறியில் அடங்கும். நாம் பதத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் இலையில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். பாலக்காட்டில் கூட்டான் என்றும் சொல்வார்கள். சோற்றோடு கூட்டி உண்பது கூட்டான்.

பாலக்காட்டுத் தமிழ் பிராமணர் வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களில் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசி வருகிறவர்கள் மோர்க்குழம்பை மோர்க்கூட்டான் என்பார்கள். பருப்பும் காயும் வெந்ததில் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டது மொளகூட்டல். தேங்காயும் மோரும் சேர அரைத்துக் கலக்கி நுரைக்கும் பதத்தில் இறக்குவதற்கு அரைச்சுகலக்கி என்றே பெயர். செய்முறை முழுவதும் பெயரிலேயே இருக்கிறது! தமிழ் வினையும் மலையாளப் பெயரும் ஒரே அடுப்பில் சேர்ந்த வீடுகள் அவை. ‘இதெல்லாம் சுத்தத் தமிழ் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். பொரியல், துவையல் பிறந்த அதே முறையில்தான் அரைச்சுகலக்கியும் பிறந்திருக்கிறது.

குழம்புக்கும் சாற்றுக்கும் ரசத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒன்றில் உள்ள ஈரம் பிழிந்து வெளியே வந்தால் சாறு, பலவும் கலந்து தடித்தால் குழம்பு. ரசம் வடசொல், அதற்கும் சாறு என்பதுதான் பொருள். வைணவர் வீட்டுச் சாத்தமுது, சாற்றமுதுதான். தெலுங்கில் சாரு, கன்னடத்தில் சாரு, மலையாளத்தில் சாறு. நான்கு மொழியும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. ஆனால் தெலுங்கில் அது நம்முடைய ரசம். மலையாளத்தில் மீன்சாறு என்றால் மீன்கறியில் உள்ள குழம்பு.

தண்ணிக் குழம்பு என்று நம் ஊரில் சொல்வது நினைவில் வருகிறது. தடித்தது என்ற பழைய பொருளை நாக்கு மறந்துபோய், குழம்பு வெறும் பண்டப்பெயராகிவிட்டதற்கு அதுவே அடையாளம். இல்லாவிட்டால் தண்ணியான தடிப்பு என்று யார் சொல்வார்கள்?

ஆந்திர எல்லையில் இருக்கும் தமிழர் என்ன சொல்கிறார்கள்?

புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழர் வீட்டில் குழம்பு குழம்புதான். தெலுங்கில் அதற்கு நேரான சொல் புலுசு. புளிப்பு என்பதோடு உறவுடையது, ஆகவே சுவையைப் பார்த்து வைத்த பெயர். இன்னொன்று இகுரு. நீர் சுண்டி, மசாலா காயிலோ கறியிலோ ஒட்டும் வரை வற்றவிட்டது இகுரு. வற்றுதல், சுண்டுதல் என்னும் வினைதான் அங்கேயும் பண்டத்துக்குப் பெயர். நம் வற்றலும் சுண்டலும் அதற்கு உடன்பிறப்புகள் என்று சொல்லத் தோன்றும்.

இந்த எல்லைகள் சமையலுக்கு வயதில் மிக இளையவை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் சித்தூர் கொச்சி அரசின் கீழ் இருந்து, திருவிதாங்கூர்-கொச்சி வழியாகக் கேரளத்துக்கு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே மட்டும் அகன்ற கணவாய் திறந்திருப்பதால் மாடும் வண்டியும் மனிதரும் எக்காலத்திலும் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள். அவர்களோடு சொல்லும் போய்வந்தது.

குழம்பு எதனால் கெட்டியாகிறது?

சேர்க்கும் பொருளைப் பொறுத்தது. நாலு வழி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம், நடைமுறையில் இரண்டு மூன்று சேர்ந்தே நடக்கும். அரிசி மாவைக் கரைத்துவிட்டால், அதிலுள்ள மாவுச்சத்து மணிகள் சுமார் 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரை உறிஞ்சி ஊதி வெடித்து, சுற்றியுள்ள நீரைப் பிடித்து வைக்கும். குளிர்ந்த நீரில் கரைக்காமல் கொதிக்கிறதிலேயே மாவைப் போட்டால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே நீர் போக வழியில்லாமல் கட்டி கட்டியாக நிற்கும். கடலை மாவும் துவரம் பருப்பும் செய்வது ஏறத்தாழ இதே வேலை, அவற்றில் புரதமும் கூடும்.

தேங்காய் அரைத்துவிட்டால் நாரும் கொழுப்பும் நீரில் மிதந்து தடிப்பைத் தரும். இது நெடுநேரம் கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும், அதனால்தான் கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்கச் சொல்வார்கள். மோர்க்குழம்பில் தயிரின் புரதம் சூடு ஏறினால் திரிந்து நீர் வேறு, திரள் வேறு ஆகும். நுரை கட்டி வரும்போதே இறக்குவது அதற்காக. சிறிது அரிசி மாவோ கடலை மாவோ சேர்ந்திருந்தால் திரிவது குறையும். வத்தக்குழம்பில் மாவு இல்லாமலும் தடிப்பு வரும். புளிக்கரைசல் சுண்டச் சுண்ட நீர் ஆவியாகி, மிஞ்சியது கெட்டிப்படுகிறது. நல்லெண்ணெய் மேலே மிதந்தால் பதம் வந்ததாகக் கணக்கு. வெந்தயப் பொடியும் தன்னிலுள்ள பசையால் தடிப்பைக் கூட்டும்.

கேரளத்தில் குறுக்குகாளன் என்று ஒன்று வைப்பார்கள். சேனையோ நேந்திரங்காயோ மிளகு சேர்த்து வேகவைத்து, புளித்த தயிரை ஊற்றி, விடாமல் கிளறி, நீர் முழுக்கச் சுண்டும் வரை குறுக்குவது. அது சில நாள் கெடாது. ஓணச் சாப்பாட்டில் இலையில் ஊற்றாமல் கரண்டியால் வைக்க வேண்டியிருக்கும் அளவுக்குக் கெட்டி. தயிரைத் துழாவி ஆக்கும் வேலையில் குறுந்தொகைப் பெண்ணுக்கு அடுத்த வீட்டுக்காரி என்று இதை வைப்பவளைச் சொல்லலாம்.

எரிமலைக் குழம்பு, பாறைக் குழம்பு என்பதெல்லாம் பாடநூலுக்காக உண்டாக்கியதா?

கூட்டுச்சொல் புதிது, குழம்பின் பொருள் பழையது. பாறை உருகி இளகித் தடிப்பாக ஓடுகிறது. அதற்குக் குழம்பைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பிள்ளைகள் வகுப்பில் எரிமலைக் குழம்பு என்றதும் சாப்பாட்டை நினைத்துச் சிரிப்பார்கள். சந்தனக் குழம்பை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டால் சிரிப்பு நின்று, சொல் விளங்கிவிடும். வேதியியலில் பால், மை போன்றவற்றைச் சொல்லும் கூழ்மம் என்ற சொல்லும் இதே போல நல்ல ஆக்கம், கூழ் என்ற வீட்டுச்சொல்லிலிருந்து வந்தது.

குழந்தையும் குழம்பும் ஒரே வேரா?

ஒலி ஒத்திருப்பதால் கேட்கிறார்கள். குழந்தை, குழவி இரண்டும் இளமையைக் குறிக்கும் ‘குழ’ என்பதிலிருந்து வந்தவை. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். இளமைக்கும் இளகுவதற்கும் மென்மை பொதுவாகத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கேரளத்துத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் கட்டுரையில் ‘கறி’ என்று எழுதலாமா, ‘குழம்பு’ என்றுதான் எழுத வேண்டுமா?

வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி எழுதட்டும். மீன்கறி என்று எழுதின பிள்ளைக்குச் சிவப்பு மையில் அடிக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழிலும் மீன்கறி என்ற வழக்கு உண்டு. கூட்டான், உப்பேரி (நம் பொரியல்), மொளகூட்டல் எல்லாம் எழுதலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘பாட்டி காலில் குழம்பு தேய்த்தாள்’ என்று எழுதினால், தமிழ்நாட்டில் அதைப் படிக்கிறவருக்கு விளங்காது. அங்கே ‘மருந்துக் குழம்பு’ என்று ஒரு சொல் கூட்டி எழுதச் சொல்லுங்கள். பாட்டியிடம் பேசும்போது ‘குழம்பு’ போதும்.